சில்லின் உறுதி

விடியற்காலையில் வாழைக்குலைகளைக் கட்டிக்கொண்டு சந்தைக்குச் செல்லும் கமக்காரர், ஆறேழு மைல் தொலைவிலுள்ள பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியை, கடிதப் பையுடன் ஒழுங்கைகள்தோறும் திரியும் தபாற்சேவகர், கரையிலிருந்து மீன்பெட்டி ஏற்றிவரும் வியாபாரி ஆகிய இவர்கள் அனைவரும் தம் அன்றாடப் பிழைப்பை இரண்டு சில்லுகளின்மேல் ஏற்றி வைத்திருப்பவர்கள். அச்சில்லுகளில் ஒன்று நடுவழியில் நெளிந்து, பிறேக் கட்டையில் உரசி நின்றுவிடுமாயின், நிற்பது வண்டி மாத்திரமன்று. அன்றைய உழைப்பும் அங்கேயே நின்றுவிடுகிறது.

துவிச்சக்கர வண்டியின் அருமையை இலங்கையின் வடபகுதி மக்கள் அறிந்த அளவுக்கு வேறு எவரும் அறிந்திருப்பார்களா என்பது ஐயமே. எரிபொருள் அரிதாகிப்போன 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மனிதரையும் விறகையும் நெல்லையும் நோயாளரையுங்கூடச் சுமந்தது அதுவே. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தபோது, பலருடைய வீட்டுப் பொருள்களில் எஞ்சியவை சைக்கிளின் கரியரிலும் கைபிடியிலும் தொங்கியவை மட்டுமே. பின்னர் 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற வேளையில், கொழும்பு உத்தியோகத்தர்களும் மறந்துபோன சைக்கிள்களைத் தூசு தட்டி எடுத்தனர்.

இவ்வளவு பயன்படும் வண்டியில் மிகக் குறைவாக விளங்கிக்கொள்ளப்பட்ட உறுப்பு சில்லேயாகும். சங்கிலிக்கு எண்ணெய் இடுகின்றோர் உண்டு. ரயருக்குக் காற்று அடிக்கின்றோர் உண்டு. சில்லின் கம்பிகளையோ, ஒன்று முறிந்து ‘டிங்’ என்ற ஒலி கேட்கும் வரையில் எவரும் எண்ணிப்பார்ப்பதில்லை. முறிந்த பின்னர், “இதைவிடத் தடித்த கம்பி போடுங்கள், பாரமான றிம் போடுங்கள்” என்று திருத்துநரிடம் கேட்பது வழக்கம். தடித்தது எதுவோ அதுவே உறுதியானது என்னும் நம்பிக்கை இவ்வேண்டுகோளுக்கு அடிப்படை. சில்லைப் பொறுத்தவரை இந்நம்பிக்கை பாதி உண்மையே. சில்லின் உறுதி அதன் கம்பிகளின் தடிப்பில் அடங்கியிருப்பதில்லை. எல்லாக் கம்பிகளும் போதிய அளவிலும் ஒத்த அளவிலும் இழுபட்டு நிற்பதிலேயே அது பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. இவ்வுண்மையை விளங்கிக்கொள்ள, முதலில் ஒரு மாட்டுவண்டிச் சில்லை நோக்குவது நலம்.

மாட்டுவண்டிச் சில்லின் நடுவில் இருப்பது குடம். அதனைச் சூழ ஆரக்கால்கள். ஆரக்கால்களின் மறுமுனையில் வட்டை. வட்டையை இறுக்கிப் பிடிப்பது இரும்புப் பட்டை. பாரம் அச்சின் வழியாகக் குடத்தை அழுத்த, குடம் தனக்குக் கீழே நிற்கும் ஆரக்காலை அழுத்த, ஆரக்கால் வட்டையை அழுத்த, வட்டை தரையை அழுத்துகிறது. ஒரு தூண் கூரையைத் தாங்குவது போன்ற வேலை இது. ஆகையால் ஆரக்கால் தூணைப்போலவே தடித்ததாய் இருத்தல் வேண்டும். சில்லும் அதற்கேற்பப் பாரமாகிறது.

சைக்கிள் கம்பியோ இரண்டு மில்லிமீற்றர் தடிப்புள்ளது. அதனைத் தரையில் ஊன்றி மேலிருந்து விரலால் அழுத்தினாலே வளைந்துவிடும். தூணாக நிற்க அதனால் இயலாது. ஆனால், இழுத்துப் பார்த்தால் அதன் இயல்பு வேறு. நல்ல உருக்குக் கம்பியொன்றை முறிப்பதற்கு இருநூறு கிலோகிராமுக்கும் மேற்பட்ட இழுவிசை வேண்டும். தள்ளுதலைத் தாங்காத கம்பியை இழுத்தலைத் தாங்குமாறு அமைத்தால், பாரமற்ற சில்லொன்றைப் பெறலாம் என்பதை இங்கிலாந்தின் ஜோர்ஜ் கெய்லி 1808ஆம் ஆண்டிலேயே கண்டார். பறக்கும் பொறி ஒன்றை அமைக்க முயன்ற அவருக்கு மெல்லிய சில்லு தேவையாயிருந்தது. பின்னர் கொவென்றி நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்ரார்லி, வில்லியம் ஹில்மனுடன் சேர்ந்து 1870இல் கம்பிச் சில்லுள்ள சைக்கிளுக்கு உரிமை பெற்றார். கம்பிகளைக் குடத்திலிருந்து நேரே நீட்டாமல், ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சாய்வாகச் செல்லுமாறு அமைக்கும் முறைக்கு அவரே 1874இல் உரிமை பெற்றார். 1888இல் ஜோன் பொய்ட் டன்லப் காற்றடைத்த ரயரை அளித்தார். இன்று தெருவில் ஓடும் சில்லு, அடிப்படையில் இவர்கள் விட்டுச்சென்ற அதே சில்லுதான்.

அவ்வாறாயின், வளைந்துவிடும் கம்பிகள் மனிதனையும் அவனுடைய மூட்டையையும் எவ்வாறு தாங்குகின்றன? அச்சானது மேற்கம்பிகளில் ஊஞ்சல்போலத் தொங்குகிறது என்பது பலருடைய எண்ணம். அளந்து பார்த்தால் அவ்வாறில்லை. பாரம் ஏறும்போது மேற்கம்பிகளின் இழுவிசை ஏறத்தாழ மாறுவதேயில்லை. தரையை ஒட்டி நிற்கும் நான்கைந்து கம்பிகளின் இழுவிசை மாத்திரம் குறைகிறது. அமெரிக்கப் பொறியியலாளர் ஜோப்ஸ்ற் பிராண்ட் 1981இல் வெளியிட்ட சைக்கிள் சில்லு பற்றிய நூலில் இதனைக் கணித்துக் காட்டினார்.

கயிறிழுத்தற் போட்டி ஒன்றை இதற்கு உவமையாகக் கூறலாம். இருசாராரும் ஒத்த பலத்துடன் இழுக்கும்போது நடுவிலுள்ள முடிச்சு அசையாது நிற்கிறது. ஒரு சாரார் தம் பிடியைச் சற்றுத் தளர்த்தினால், மறுசாரார் புதிதாகப் பலம் எதனையும் செலுத்தாமலே முடிச்சு அவர்கள்பால் இழுபடுகிறது. சில்லின் நடுவிலுள்ள குடமும் அம்முடிச்சுப் போன்றதே. பாரம் ஏறியதும் கீழ்க்கம்பிகள் தம் இழுப்பைச் சற்றுத் தளர்த்துகின்றன. முன்னிருந்தவாறே இழுத்துக்கொண்டிருக்கும் மேற்கம்பிகள் அந்த வேறுபாட்டின் அளவுக்குப் பாரத்தைத் தாங்கிவிடுகின்றன. கீழ்க்கம்பி தூணைப்போல அழுத்தப்படுவதில்லை. முன்னர் இழுத்ததைவிடக் குறைவாக இழுக்கிறது, அவ்வளவே.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பெறப்படுகிறது. தளர்த்துவதற்கு இழுவிசை இருந்தால்தான் கம்பி தளர்த்த முடியும். ஒவ்வொரு கம்பியும் நூறு கிலோகிராம் அளவில் இழுபட்டு நின்றால், குழியில் விழுந்தெழும்போதும் கீழ்க்கம்பியிடத்தில் மிச்சம் இருக்கும். இருபது கிலோகிராம் அளவிலேயே இழுபட்டு நின்றால், சிறு மேடுபள்ளத்திலும் அந்த இருபதும் தீர்ந்து, கம்பி முற்றாகத் தொய்ந்துவிடும். தொய்ந்த கணத்தில் நிப்பிள் சிறிது கழன்று திரும்பும். சில்லு நெளியத் தொடங்கும். அதனினும் கேடானது, குடத்தின் துளைக்குள் கொளுவியிருக்கும் கம்பியின் முழங்கை போன்ற வளைவு ஒவ்வொரு சுற்றிலும் அசைந்து கொடுப்பதாகும்.

கம்பிகள் பெரும்பாலும் முறிவது அந்த வளைவிலேயே. ஒருவர் வீட்டிலிருந்து பத்துக் கிலோமீற்றர் தொலைவிலுள்ள வேலைத்தலத்துக்குச் சென்று மீள்கின்றார் என்று கொள்வோம். சில்லு ஒருமுறை சுழன்றால் ஏறக்குறைய 2.2 மீற்றர் தூரம் செல்லும். ஒரு நாளில் ஒன்பதாயிரம் சுற்றுக்கள். முந்நூறு வேலைநாளில் இருபத்தேழு இலட்சம் சுற்றுக்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து மீண்டும் இறுகுகிறது. ஓர் இரும்புக் கம்பியைக் கையால் பலமுறை முன்னும் பின்னும் வளைத்தால் இறுதியில் அது முறிவதை யாவரும் கண்டிருப்பர். அதே உலோகக் களைப்பு இங்கும் நிகழ்கிறது. மயிற்பீலியே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். அங்கே நொய்ய பொருள் எடையால் மிகுந்து அச்சை முறிக்கிறது. இங்கே நொய்ய அசைவு எண்ணிக்கையால் மிகுந்து கம்பியை முறிக்கிறது. ஆகவே கம்பி முறிந்தவுடன், “மிகவும் இறுக்கிவிட்டார்கள்” என்று குறைகூறுவோர் பெரும்பாலும் காரணத்தைத் தலைகீழாகக் கொள்கின்றனர். இறுக்கம் போதாமையும் சமமின்மையுமே வழக்கமான காரணங்கள்.

இனி, றிம்மைத் தெரிவு செய்யும் முறையை நோக்குவோம். பழைய ஆங்கிலச் சைக்கிள்களில் குரோமியம் பூசிய உருக்கு றிம்கள் இருந்தன. அவை அடிபட்டால் எளிதில் பிளப்பதில்லை. நசுங்கினாலும் ஓரளவு தட்டி நிமிர்த்தலாம். ஆனால் பூச்சு உரிந்த இடத்தில், சிறப்பாகக் கம்பித் துளைகளைச் சூழவும் ரயருக்கு அடியிலும், துரு ஏறும். கடற்காற்று வீசும் ஊர்களில் இது விரைவில் நிகழ்வது. மேலும், மழையில் நனைந்த உருக்கு றிம்மில் றப்பர் பிறேக் கட்டை வழுக்குவதால், வண்டி நிற்பதற்கு வழமையைவிட மிகுந்த தூரம் வேண்டியிருக்கும். அலுமினியக் கலப்புலோக றிம் பாரங்குறைந்தது, துருவேறாதது, மழையிலும் பிறேக்கை நன்கு ஏற்பது. நாள்தோறும் நெடுந்தூரம் செல்வோருக்கு அதுவே தக்கது.

ஆயினும் எந்த றிம் எந்தப் பிறேக்குக்கு உரியது என்பதை மறத்தலாகாது. இரும்புக் கோல்களால் இயங்கும் பழைய பிறேக்கின் கட்டைகள், றிம்மின் உட்புறத்தில், கம்பிகள் பொருந்தும் முகத்தின் இரு மருங்கிலும் அழுத்துவன. அதற்கெனவே வெஸ்ற்வூட் என்னும் உருண்ட வடிவமுள்ள றிம் அமைக்கப்பட்டது. இடுக்கிபோல் இரு பக்கமும் பிடிக்கும் பிறேக்குக்குத் தட்டையான பக்கச் சுவருள்ள றிம் வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றதைப் பூட்டினால் பிறேக் சரிவரப் பிடியாது. அலுமினிய றிம்மின் பக்கச் சுவர் மழைக்கால மணலும் பிறேக் கட்டையும் சேர்ந்து அரைப்பதால் ஆண்டுதோறும் தேய்ந்து மெலிவது. விரலால் தடவும்போது சுவர் குழிந்திருப்பது தெரிந்தால் அந்த றிம்மை மாற்றிவிட வேண்டும். மெலிந்த சுவர் காற்றின் அமுக்கத்தால் ஒருநாள் பிளந்துவிடக்கூடும். குடத்தில் தட்டுப் பிறேக் பூட்டிய வண்டிகளில் இத்தேய்வு இல்லை.

அடுத்தது அளவு. சைக்கிள் வாங்குவோரை மிகுதியும் மயக்குவது இதுவேயாகும். ‘இருபத்தெட்டு’ என்று கடையில் கேட்டால், இருபத்தெட்டு என்ற ஒரே பெயருடன் வெவ்வேறு அளவுகள் வழங்குவதைக் காணலாம். பழைய கோற்பிறேக் வண்டியின் 28 x 1½ ரயர் அமரும் இடத்தில் றிம்மின் விட்டம் 635 மில்லிமீற்றர். 700சி எனப்படும் புதிய அளவும் சில நாடுகளில் இருபத்தெட்டு என்றே அழைக்கப்படுகிறது. அதன் விட்டமோ 622 மில்லிமீற்றர். அவ்வாறே 26 x 1⅜ என்பது 590. மலைச் சைக்கிள்களில் நெடுங்காலம் வழங்கிய மற்றோர் இருபத்தாறு 559. இவற்றுள் ஒன்றின் ரயர் மற்றதன் றிம்மில் பொருந்தாது. இக்குழப்பத்தைத் தவிர்க்கும் வழி எளியது. ரயரின் பக்கத்தில் 40-635 என்பது போல இரு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது ரயரின் அகலம். இரண்டாவது அது அமரும் விட்டம். இரண்டாம் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்பவர் ஏமாற மாட்டார். நெடும் பிரயாணம் செய்வோர் இன்னொன்றையும் எண்ணுதல் வேண்டும். எவ்வளவு சிறந்த றிம்மாயினும், அதற்குரிய ரயர் வழியிலுள்ள சிற்றூர்க் கடையில் கிடையாதாயின் அச்சிறப்பாற் பயனில்லை.

அகலத்திலும் பொருத்தம் வேண்டும். ஒடுங்கிய றிம்மில் பருத்த ரயரைப் பூட்டினால் அது திருப்பங்களில் பக்கவாட்டில் ஆடும். அகன்ற றிம்மில் மெல்லிய ரயரைப் பூட்டினால் கல்லில் மோதும்போது றிம் நசுங்கும். நாற்பது மில்லிமீற்றர் அளவிலான ரயருக்கு உள்ளகலம் இருபது முதல் இருபத்தைந்து மில்லிமீற்றர் வரை உள்ள றிம் பொருந்தும். ஒற்றைச் சுவர் றிம்மைவிடப் பெட்டிபோல் இரட்டைச் சுவருள்ள றிம் பாரத்துக்கும் மோதலுக்கும் நன்கு ஈடுகொடுப்பது. றிம்மின் உறுதிக்குப் பணம் செலவிடுவதாயின் அதற்கே செலவிடுதல் தகும்.

கம்பிகளின் தொகையைப் பொறுத்தவரை, பழைய ஆங்கில வழக்கு முன்சில்லுக்கு 32, பின்சில்லுக்கு 40 என்பதாகும். உடற்பாரத்தின் பெரும்பங்கும் கரியரின் சுமையும் பின்சில்லில் விழுவதை உணர்ந்து வகுத்த கணக்கு அது. இன்று சுமையுடன் செல்லும் வண்டிகளுக்கு இரு சில்லுகளிலும் 36 கம்பிகள் என்பது நம்பத்தக்க அளவு. கம்பியின் உலோகம் துருப்பிடியாத உருக்காயிருப்பது விரும்பத்தக்கது; நாகம் பூசிய கம்பி மலிவானதாயினும் கடலோரத்தில் நீடிப்பதில்லை. நிப்பிள் பித்தளையாய் இருத்தல் வேண்டும்.

தடித்த கம்பியே உறுதியானது என்போரை வியப்பில் ஆழ்த்தும் செய்தி ஒன்று உண்டு. இரு முனைகளிலும் இரண்டு மில்லிமீற்றரும் நடுவில் 1.8 அல்லது 1.6 மில்லிமீற்றரும் தடிப்புள்ள கம்பிகள் விற்கப்படுகின்றன. இவை, முழுநீளமும் ஒரே தடிப்புள்ள கம்பிகளைவிட நெடுங்காலம் உழைப்பவை. நடுப்பகுதி மெலிந்திருப்பதால் கம்பி சற்றே நீண்டு கொடுக்கிறது. வளைவிலும் புரியிலும் விழவேண்டிய அதிர்ச்சியை மெல்லிய நடுப்பகுதி ஏற்றுக்கொள்கிறது. புயலில் விறைத்து நிற்கும் மரம் சாய, வளைந்து கொடுக்கும் மூங்கில் பிழைப்பது போன்றதே இதுவும்.

நல்ல உறுப்புக்களை வாங்கினால் மட்டும் நல்ல சில்லு உண்டாவதில்லை. அவற்றைக் கோப்பதிலேயே திறமை உண்டு. முப்பத்தாறு கம்பிச் சில்லில், குடத்தின் ஒவ்வொரு பக்கத் தட்டிலும் பதினெட்டுக் கம்பிகள் உள்ளன. அவற்றுள் ஒன்பது முன்னோக்கியும் ஒன்பது பின்னோக்கியும் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு கம்பியும் அதே பக்கத்தின் மூன்று கம்பிகளைக் குறுக்கிடும். முதல் இரண்டின் ஒரு புறமாகச் சென்று, மூன்றாவதன் மறுபுறமாக நுழைந்து அதனோடு பின்னி நிற்கும். சங்கிலி பற்சில்லை இழுக்கும்போது குடத்தைச் சுழற்றும் வலிமை றிம்முக்குச் செல்வது இச்சாய்வினாலேயே. வால்வுத் துளைக்கு இருபுறமும் உள்ள கம்பிகள் ஒன்றையொன்று விட்டு விலகிச் செல்லுமாறு கோத்தால், காற்றடிக்கும் பம்பிக்கு இடம் கிடைக்கும்.

கோத்த பின்னர் இறுக்குதல். நிப்பிளின் புரிகளுக்குச் சிறிது எண்ணெயிட்டு, எல்லாக் கம்பிகளையும் ஒரே எண்ணிக்கைச் சுற்றுக்களால் இறுக்கிக்கொண்டு வரவேண்டும். ரயர்ப் பக்கமிருந்து நோக்கும்போது நிப்பிளை வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும். சில்லு இடப்பக்கம் விலகினால் அவ்விடத்து வலப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, இடப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். மேடாயிருக்கும் இடத்தில் இருபக்கக் கம்பிகளையும் இறுக்க வேண்டும். அவசரக்காரர் ஒரே கம்பியை முழுச்சுற்றாகத் திருகி நெளிவை எடுத்துவிடுவர். கண்ணுக்குச் சில்லு நேராகத் தோன்றும்; ஆனால் ஒரு கம்பி மிக இறுகியும் அடுத்தது தொய்ந்தும் நிற்கும். அத்தகைய சில்லு கடையை விட்டு நேராக வெளியேறி ஒரு மாதத்தில் மீண்டும் கடைக்கு வரும். மிக இறுகிய நிலையில் நிப்பிளைத் திருப்பும்போது கம்பியும் உடன் முறுகுவதுண்டு. ஆகையால் வேண்டிய அளவுக்குச் சற்று அதிகமாகத் திருப்பி, அவ்வதிகத்தை மீளத் திருப்பிவிடுதல் நல்ல தொழிலாளரின் வழக்கம்.

இறுக்கி முடித்ததும் செய்யவேண்டிய, ஆனால் பலரும் செய்யாது விடும் வேலை ஒன்று உண்டு. அருகருகே செல்லும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையுறை அணிந்த கையால் பற்றி வலிமையாக நெருக்க வேண்டும். கம்பியின் வளைவு குடத்தின் துளையில் நன்றாகப் படிந்து, உலோகத்தினுள்ளே எஞ்சியிருந்த இறுக்கங்கள் இவ்வமுக்கத்தால் தீர்கின்றன. சில்லைச் சுற்றி ஒருமுறை இவ்வாறு செய்ய ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் கம்பிகளின் ஆயுளைப் பன்மடங்காக்கக்கூடியது. நெருக்கிய பின் சில்லு சற்று நெளியுமாயின், மீண்டும் நேராக்கி மீண்டும் நெருக்க வேண்டும்.

இழுவிசையை அளக்கக் கருவிகள் உண்டு. கருவி இல்லாதவருக்குச் செவி உண்டு. கம்பியை விரல்நகத்தால் மீட்டினால் ஒலி எழும். ஒரே நீளமும் ஒரே தடிப்பும் உள்ள கம்பிகள் ஒரே சுரத்தில் ஒலித்தால் அவற்றின் இழுவிசையும் ஒன்றே. தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர்போல ஒரு பக்கத்துக் கம்பிகளை வரிசையாக மீட்டிச் சென்றால், தாழ்ந்து ஒலிக்கும் கம்பி தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். பல பற்சில்லுகளைக் கொண்ட பின்சில்லில் மாத்திரம் இருபக்கமும் ஒத்து ஒலிக்குமென எதிர்பார்த்தலாகாது. பற்சில்லுகளுக்கு இடம்விட்டுக் குடத்தின் வலத்தட்டு உள்ளே தள்ளியிருப்பதால், வலக்கம்பிகள் மிக இறுகியும் இடக்கம்பிகள் அவற்றைவிடத் தளர்ந்துமே நிற்கும். அப்பக்கத்துக்கு மெலிந்த நடுப்பகுதியுள்ள கம்பிகளை இடுவது நல்லது. ஒரே பற்சில்லுள்ள பழைய வண்டிகளின் பின்சில்லு நெடுங்காலம் உழைப்பதற்கு, அதன் இருபக்கமும் ஏறக்குறைய ஒத்த இழுவிசையுடன் நிற்பதும் ஒரு காரணமாகும்.

புதிய சில்லைச் சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் ஒருமுறை பார்த்தல் வேண்டும். பின்னர் மாதமொருமுறை வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுழற்றி, கம்பிகளை மீட்டிப் பார்த்தால் போதும். ஒரு கம்பி முறிந்தால் அதனை உடனே மாற்ற வேண்டும். அதன் பங்கை அயற்கம்பிகள் சுமப்பதால் அவையும் விரைவில் களைக்கும். ஒரே சில்லில் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பிகள் முறியுமாயின், எஞ்சியவையும் களைத்துவிட்டன என்பதே பொருள். அப்போது றிம் நல்ல நிலையில் இருந்தால் அதனை வைத்துக்கொண்டு, கம்பிகள் அனைத்தையும் புதிதாக்கிக் கோப்பதே சிக்கனம்.

இவ்வேலைக்கு வேண்டிய கருவி ஒரு சிறு நிப்பிள் சாவி. வேண்டிய கல்வி மேலே கூறிய அளவே. வேண்டிய நேரம் பொறுமையான ஒரு மாலைப்பொழுது. சந்தைக்கும் பாடசாலைக்கும் வேலைத்தலத்துக்கும் மறுநாட் காலையிற் செல்லவேண்டியவர்கள் அந்த மாலைப்பொழுதைச் சில்லுக்கு அளிப்பாராயின், வழியில் நிற்கவேண்டி வராது. முப்பத்தாறு மெல்லிய கம்பிகளுள் எந்தவொன்றும் தனித்து ஒருவரைத் தாங்காது. எல்லாம் ஒத்து இழுத்து நிற்கும்போது அவை தாங்காத சுமையும் அரிது.